வழிப்போக்கர் கட்டிய நுழைவுக் கட்டணம்

கடைக்கு வருகிறவர்களுக்கு அவளைத் தெரியாது. முன்னறையில் பளபளக்கும் ஃபிரேம்களுக்கும் நிலைக்கண்ணாடிகளுக்கும் பின்னால் ஒரு சின்ன அறை உண்டு. அங்கேதான் அவள் பதினெட்டு வருஷமாக மூக்குக்கண்ணாடிக்கு லென்ஸ் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஃபிரேமின் வடிவத்துக்கு லென்ஸை வெட்டி, விளிம்பைத் தேய்த்து, பொருத்தி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பாள். அரை மில்லிமீட்டர் பிசகியிருந்தாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. கடையில் எல்லோருக்கும் அவள் பவர் அக்கா.

கணவர் பஸ் டெப்போவில் டைம்கீப்பர். ஆனால் அவரைப் பற்றிக் கேட்டால் யாரும் டெப்போவைச் சொல்ல மாட்டார்கள். செஸ் கிளப்பில் ஆறு முறை கோப்பை வாங்கியவர் என்பதால் தெருவே அவரைச் சாம்பியன் என்றுதான் கூப்பிடும். கல்யாணமான புதிதில் மனைவிக்கும் ஆட்டம் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தார். மூன்றே நாள். "உனக்கு இது ஒத்து வராதும்மா" என்று பலகையை மடித்து வைத்தவர், அப்புறம் இருபத்திரண்டு வருஷமாக அதை அவள் முன்னால் விரிக்கவில்லை. அவளும் கேட்கவில்லை. ஆனால் அவர் போனில் ஆடும்போதெல்லாம் துணி மடித்தபடியே தோளுக்கு மேலாக எட்டிப் பார்ப்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவர் வீட்டிலேயே கண்ணாடியை விட்டுவிட்டுப் போய்விட்டார். அதைக் கொடுக்கக் கிளப்புக்குப் போனாள். அப்போதுதான் ஒரு ஆட்டம் டிராவில் முடிந்து, காய்கள் அப்படியே நின்றிருக்க, சுற்றி நின்ற பத்துப் பேர் அலசிக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"அந்தக் குதிரையை இங்க வச்சிருந்தா ராஜாவுக்கும் செக், யானையும் மாட்டியிருக்குமே?"

சாம்பியன் தலையைத் தூக்காமலே சொன்னார்: "முதல்ல குதிரை எப்படிப் போகும்னு சொல்லு பார்ப்போம்."

பத்துப் பேரும் சிரித்தார்கள். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நாலு பேர் இருக்கும் இடத்தில் வாயில் வந்ததைச் சொல்லிவிட்டார். அவளும் சிரித்துவிட்டுத்தான் வந்தாள். வீட்டுக்கு வந்ததும் பரணிலிருந்து பழைய பலகையை இறக்கி, பார்த்தது பார்த்தபடி காய்களை அடுக்கினாள். குதிரையை நகர்த்திப் பார்த்தாள். ராஜாவுக்கும் செக், யானையும் மாட்டியது. இன்னொரு தரம் செய்து பார்த்தாள். அவள் சொன்னது சரி. அந்த நிமிஷம் அவளுக்குள் ஏதோ ஒன்று பற்றிக்கொண்டது. வருஷக் கடைசியில் கிளப்பின் திறந்த போட்டி வரும். யார் வேண்டுமானாலும் ஆடலாம். அதில் அவருக்கு எதிரே போய் உட்கார வேண்டும். அதுவரை ஈ காக்கைக்குத் தெரியக்கூடாது.

ஆன்லைனில் தேடி ஒரு செஸ் பள்ளியைக் கண்டுபிடித்தாள். வேறொரு நாட்டிலிருந்து ஒரு பெண் ஆசிரியர் தமிழிலேயே சொல்லிக்கொடுத்தார். வகுப்புக்குப் பத்து டாலர். வேலை முடிந்தும் தங்கிச் செய்யும் அவசர ஆர்டருக்குக் கடையில் ரொக்கமாகவே கொடுப்பார்கள், அதனால் பணம் பிரச்சினை இல்லை. கட்டுவதுதான் பிரச்சினை. வீட்டில் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே வங்கிக் கணக்கு. கார்டை எங்கே தேய்த்தாலும் செய்தி அவர் போனுக்குப் போகும். அவள் ஒரு ஹேர்பின் வாங்கினாலும் ஐந்தாவது நிமிஷம் டெப்போவிலிருந்து, "கடைக்குப் போனியா, என்ன வாங்குன?" என்று போன் வந்துவிடும். கோபத்தில் கேட்பதில்லை, வெறும் ஆர்வம்தான். ஆனால் அவள் திட்டத்துக்கு அந்த ஆர்வமே எமன்.

பள்ளியின் இணையப் பக்கத்தில் கீழே, 'கிரிப்டோவிலும் கட்டலாம்' என்று ஒரு வரி இருந்தது; வங்கி பக்கமே போகாத இணையக் காசு. அவளுக்கு உடனே நாத்தனார் ஞாபகம் வந்தது.

நாத்தனார், அதாவது சாம்பியனின் தங்கை, வீட்டில் இருந்தபடியே வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கு லோகோ வரைந்து கொடுப்பவள். கூலி கிரிப்டோவில்தான் வரும். விஷயத்தைக் கேட்டதும் அவள் கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

"அண்ணாவையா? நீங்களா? அண்ணி, இதுக்கு நான் என்ன வேணா செய்வேன். பணத்தை நானே கட்டிடறேன்."

"வேண்டாம். ரொக்கத்தை உன் கையில தர்றேன், நீ எனக்கு அனுப்பு. கட்டறது என் கையால இருக்கட்டும்."

நாத்தனார் அவள் போனில் அந்தக் காசுக்கு ஒரு வாலட் போட்டுக் கொடுத்தாள். திறவுகோலாகப் பன்னிரண்டு சொற்கள் வந்தன. அவற்றை ஒரு தாளில் எழுதி, கடையில் மைனஸ் ஒன்பது லென்ஸ் இருக்கும் பெட்டிக்குள் சொருகி வைத்தாள். அந்தப் பவருக்கு இதுவரை ஆள் வந்ததில்லை.

மறுநாள் மதிய இடைவேளை. தேய்க்கும் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, கைதுடைத்து, போனை எடுத்தாள். வாலட்டில் நாத்தனார் அனுப்பிய பத்து டாலருக்கான பிட்காயின் இருந்தது. பள்ளியின் பக்கத்தில் பதினைந்து நிமிஷக் கடிகாரம் இறங்குமுகமாக ஓட ஆரம்பித்தது. அனுப்பப் போனால், கட்டணம் நாலு டாலர் என்றது வாலட். கையில் இருப்பதே பத்து. சரி, எல்லாவற்றையும் அனுப்பு என்று அழுத்திவிட்டாள். அந்தப் பக்கம் ஆறு டாலர்தான் போய்ச் சேர்ந்தது. 'தொகை குறைவு' என்று சிவப்பில் ஒரு வரி. கடிகாரம் சைபருக்கு வந்து நின்றது.

பள்ளியில் நல்லவர்கள். ஆறு டாலரை வரவு வைத்திருக்கிறோம், மீதி நாலை அனுப்புங்கள் என்று பதில் எழுதினார்கள். அந்த நாலை அனுப்ப இன்னொரு நாலு. நாத்தனார் இவளுக்கு இரண்டு முறை அனுப்பியதற்கும் தடவைக்கு நாலு. சாயங்காலம் இரண்டு பேரும் உட்கார்ந்து கூட்டிப் பார்த்தார்கள். பத்து டாலர் வகுப்புக்கு வழிச்செலவு மட்டும் பதினாறு டாலர்.

"ஏய், இது என்ன பகல் கொள்ளையா இருக்கு?"

நாத்தனாருக்குச் சிரிப்பு அடங்க நேரமாயிற்று. "என் தப்புதான் அண்ணி. எனக்குப் பெரிய தொகையா வர்றதால உறைக்கவே இல்ல. நீங்க எவ்வளவு அனுப்பறீங்கன்னு அது பார்க்காது. ரோட்டுல எவ்வளவு நெரிசல்னுதான் பார்க்கும். குண்டூசி ஏத்தினாலும் லாரி வாடகை லாரி வாடகைதான்."

"அப்ப நெரிசல் இல்லாத ரோடே கிடையாதா?"

இருந்தது. டாலருக்குச் சமமாக மதிப்பு மாறாமல் நிற்கும் காசு ஒன்று, அது போகும் வேறொரு நெட்வொர்க். அதில் கட்டணம் சில சென்ட்தான். ஆனால் நாத்தனார் விரலை நீட்டி எச்சரித்தாள்: "அனுப்பறதுக்கு முன்னாடி நெட்வொர்க் பேரை ரெண்டு தடவை படிங்க. அவங்க கேட்கிறதும் நீங்க அனுப்பறதும் ஒன்னா இருக்கணும். தப்பான ரோட்டுல விட்டா பணம் போனது போனதுதான். பேங்க் மாதிரி போன் பண்ணி அழ ஆள் கிடையாது."

இரண்டு தடவை இல்லை, நாலு தடவை படித்தாள். பத்து வகுப்புக்கு ஒரே தடவையாகக் கட்டினால் பள்ளியிலும் தள்ளுபடி, வழிச்செலவும் ஒரு முறைதான். தொண்ணூறு டாலர் போயிற்று. சில விநாடிகளில் பச்சையில் ஒரு டிக் விழுந்தது. அவள் அந்தச் சின்ன அறையில் தனியாக நின்று, லென்ஸ் துடைக்கும் துணியால் முகத்தைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அதற்குப் பிறகு மதிய இடைவேளை என்றால் அவளுக்குச் சாப்பாடு இரண்டாம் பட்சம். ஒரு கையில் சாப்பாட்டு டப்பா, காதில் ஹெட்போன், எதிரே போன் திரையில் பலகை. டீச்சர் தாட்சண்யம் பார்க்காதவர்.

"ஏன் அவசரப்படுறீங்க? எதிராளி என்ன நினைக்கிறான்னு கேட்டீங்களா?"

"கேட்கல டீச்சர்."

"கேளுங்க. ஒவ்வொரு நகர்த்தலுக்கும் கேளுங்க."

பத்து வகுப்பு முடிய முடிய மறுபடி மொத்தமாகக் கட்டினாள். மாசங்கள் ஓடின. லென்ஸில் கீறல் தேடிய கண், பலகையில் ஓட்டை தேடப் பழகிற்று. ஏழாவது மாசம் ஒரு பயிற்சி ஆட்டத்தில் டீச்சரோடேயே டிரா செய்தாள். அன்றைக்கு அவள் பொருத்திக் கொடுத்த கண்ணாடியில் வலது இடதாகவும் இடது வலதாகவும் போய்விட்டது. பதினெட்டு வருஷத்தில் முதல் தப்பு. முதலாளி கேட்டதற்கு, "சந்தோஷத்துல கவனம் சிதறிடுச்சு சார்" என்றாள். என்ன சந்தோஷம் என்று அவர் கேட்கவில்லை.

போட்டி அறிவிப்பு வந்தது. வெளியூர்க்காரர்கள் ஆன்லைனில் பதிவு செய்யலாம், புனைபெயர் போதும், நுழைவுக் கட்டணத்தைக் கிரிப்டோவிலும் கட்டலாம் என்று கிளப் செயலாளர் போட்டிருந்தார். அவருக்கு அதில் பைத்தியம். வருஷா வருஷம் அந்த வரியைப் போடுவார், இதுவரை ஒருவரும் கட்டியதில்லை. அவள் 'வழிப்போக்கர்' என்று பெயர் கொடுத்து, அதே வாலட்டிலிருந்து கட்டணத்தை அனுப்பினாள். காதும் காதும் வைத்த மாதிரி முடிந்தது என்று நினைத்தாள்.

மறுநாள் சாயங்காலம் சாம்பியன் வீட்டுக்குள் நுழைந்ததே ஒரு தினுசாக இருந்தது. செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"விஷயம் தெரியுமா உனக்கு? போட்டிக்கு ஒருத்தர் கிரிப்டோவுல பணம் கட்டியிருக்காரு. பேரு வழிப்போக்கர்."

அவள் கையில் இருந்த டம்ளரைப் பத்திரமாகக் கீழே வைத்தாள். "ஓ."

"செயலாளருக்குத் தலைகால் புரியல. உடனே போனை எடுத்து யாரு அனுப்பினதுன்னு நோண்ட ஆரம்பிச்சுட்டாரு. அது எல்லாம் வெட்ட வெளிச்சமா ஒரு பக்கத்துல கிடக்குது, யார் வேணா பார்க்கலாமாம். அந்த வாலட்டுல இருந்து ஒரு செஸ் பள்ளிக்கு நாலு தடவை பணம் போயிருக்கு. அந்தப் பள்ளி தன்னோட வாலட் முகவரியை அதோட வெப்சைட்லயே போட்டிருக்கு. அப்படின்னா ஆளு ரகசியமா பயிற்சி எடுக்குது."

அவள் கீழே வைத்த டம்ளரை எடுத்து மறுபடி துடைத்தாள்.

"அந்த வாலட்டுக்குப் பணம் எங்கிருந்து வருதுன்னு பார்த்தோம்" என்று அவர் குரலைத் தாழ்த்தினார். "ஒரே ஒரு இடத்துல இருந்துதான். அந்த முகவரி செயலாளருக்கு ஏற்கெனவே தெரியும். ரெண்டு வருஷம் முன்னாடி கிளப்புக்கு லோகோ வரைஞ்சதுக்கு அவரே அதுக்குப் பணம் அனுப்பியிருக்காரு."

"யாருக்கு?"

"என் தங்கச்சிக்குத்தான். வழிப்போக்கர் வேற யாருமில்ல, என் தங்கச்சி."

அவள் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தாள். போன உயிர் திரும்பி வந்தது. அதோடு ஒரு பெரிய சிரிப்பும் தொண்டை வரை வந்தது; அதை விழுங்க அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். "அப்படியா" என்றாள் கடைசியில். "அவளுக்கு எப்ப இந்த ஆசை வந்தது?"

பால்கனிக்குப் போய்த் துணி எடுக்கிற சாக்கில் நாத்தனாருக்குப் போன் போட்டாள். அங்கே ஏற்கெனவே புயல்.

"அண்ணி, அவன் எனக்கு முதல்லயே போன் பண்ணிட்டான். என்னோட வரவு மொத்தத்தையும் பார்த்திருக்கான். மாசம் இவ்வளவு வருதான்னு வாயைப் பிளக்கறான். போன மாசம்தான் கையில காசில்லன்னு அவன்கிட்ட அழுதேன்."

"யாருக்கும் தெரியாதுன்னுதானே இந்த வழியில கட்டினோம்?"

நாத்தனார் பெருமூச்சு விட்டாள். "பேர்தான் தெரியாது. மத்ததெல்லாம் தெரியும். முகமூடி போட்டுக்கிட்டுப் பட்டப்பகல்ல தெருவுல நடக்கிற மாதிரி. முகம் தெரியாது, ஆனா எந்த வீட்டுல இருந்து கிளம்பி எந்த வீட்டுக்குள்ள போறோம்னு தெருவே பார்க்கும். ஒரு வீடு யாருதுன்னு தெரிஞ்சா போதும். கிளப்புக்கு அனுப்பறதுக்குத் தனி வாலட் போட்டிருக்கணும். அதுக்கும் என்கிட்ட இருந்து நேரா வாங்கியிருந்தா இதே கதைதான். நானும் வேலைக்கு ஒன்னு, வீட்டுக்கு ஒன்னுன்னு பிரிச்சு வச்சிருக்கணும். சோம்பல் அண்ணி, சோம்பல்."

"இப்ப என்ன செய்யறது?"

நாத்தனாரின் குரலில் குறும்பு ஏறியது. "ஒன்னும் செய்ய வேண்டாம். அவன் என்னைன்னே நினைச்சுக்கட்டும். நான் ஆமாம்னும் சொல்லல, இல்லன்னும் சொல்லல. சின்ன வயசுல நான் எடுத்த எடுப்புல ராணியை இறக்கி அடி வாங்குவேன். இப்ப அதுக்குத்தான் தயார் பண்ணுவான் பாருங்க."

அப்படியே நடந்தது. மூன்று வாரம் சாம்பியன் வீட்டில் பலகையை விரித்து, அவசர ராணியை எப்படி மடக்குவது என்று ஆராய்ச்சி செய்தார். அவள் டீ கொண்டுவந்து வைக்கும்போதெல்லாம் ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுப் போனாள். ராணியை எப்போது வெளியே எடுக்கக் கூடாது என்று அவளுக்கும் ஓசியில் ஒரு பாடம்.

போட்டி ஒரு சனிக்கிழமை காலை. ஐந்து சுற்று, ஆளுக்கு இருபத்தைந்து நிமிஷம். ஹாலில் நீள மேசைகள், நாற்பது பேர். நாத்தனார் வந்து பார்வையாளர் பெஞ்சில் உட்கார்ந்ததைப் பார்த்துச் சாம்பியன் குழம்பினார். அப்புறம் பதினேழாவது பலகையில் தன் மனைவி உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். நேரே வந்தார்.

"இங்க ஏன் உட்கார்ந்திருக்க? இது ஆடறவங்க இடம்."

"ஆடத்தான் உட்கார்ந்திருக்கேன்."

அவர் மேசையில் இருந்த அட்டையைப் பார்த்தார். வழிப்போக்கர் என்று இருந்தது. தங்கையைத் திரும்பிப் பார்த்தார். அவள் கையை ஆட்டினாள். மணி அடித்துவிட்டதால் அவரால் ஒன்றும் கேட்க முடியவில்லை; வாயைத் திறந்தபடியே தன் பலகைக்குப் போனார்.

முதல் சுற்றில் அவள் தோற்றாள். அவசரப்பட்டு, பத்தொன்பதாவது நகர்த்தலில் ஒரு யானையைச் சும்மா தூக்கிக் கொடுத்தாள். வெளியே போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். இரண்டாவது சுற்றில் ஒரு தபால்காரரை ஜெயித்தாள். சாம்பியனோ, மனசு எங்கேயோ இருக்க, இரண்டாவது சுற்றில் ஒரு கத்துக்குட்டியிடம் தோற்றிருந்தார். ஆகவே மூன்றாவது சுற்றில், சமமான புள்ளியோடு, இருவரும் எதிரெதிரே.

கடிகாரத்தை அழுத்தினார்கள். சுற்றிக் கூட்டம் கூடியது. இருபது நகர்த்தல் வரை அவர் அவளைச் சோதித்தார்; அவள் ராணி அசையவே இல்லை. இருபத்தாறாவது நகர்த்தலில் அவர் மந்திரியை ஒரு கட்டம் அதிகமாக நகர்த்தினார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்த லென்ஸில் கீறல் தெரிகிற மாதிரி அவளுக்கு அது தெரிந்தது. ஒரு சிப்பாயை எடுத்தாள். அவர் முன்னால் குனிந்தார். ஆறு கோப்பை வாங்கிய மனிதர் பலகையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்துக் கையை நீட்டினார். "டிரா?"

"வேண்டாங்க. ஆடுங்க."

கூட்டத்தில் யாரோ மூச்சை இழுத்தார்கள். அவள் விரட்டினாள், அவர் தப்பினார், மறுபடி விரட்டினாள். காய்கள் ஒவ்வொன்றாய்ப் பலகையை விட்டு இறங்கின. கடைசி நிமிஷத்தில், கடைசிச் சிப்பாயை அவள் ராணியாக்க ஒரே கட்டம் பாக்கி இருக்கும்போது, அவருடைய யானை குறுக்கே பாய்ந்து அதைத் தின்றது. அந்த யானையை அவள் ராஜா எடுத்தார். பலகையில் இரண்டு ராஜாக்கள் மட்டும் நின்றார்கள். டிரா.

இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.

"எவ்வளவு நாளா?" என்றார் அவர்.

"பதினோரு மாசமா."

"என்கிட்ட கேட்டிருந்தா நான் சொல்லிக் குடுத்திருக்க மாட்டேனா?"

"மூணு நாள் சொல்லிக் குடுத்தீங்களே."

அவருக்கு அது சுருக்கென்று தைத்தது. முகத்தில் தெரிந்தது. காய்களைப் பெட்டிக்குள் அடுக்கினார், அவளுடைய கறுப்புக் காய்களையும் சேர்த்து. அந்த அரைப் புள்ளியால் அவருக்கு அந்த வருஷம் கோப்பை கிடைக்கவில்லை. வெளியூர்ப் பல் டாக்டர் ஒருவர் எடுத்துக்கொண்டு போனார். அவளுக்கு ஒன்பதாவது இடம். செயலாளர் ஓடிவந்து, "அப்ப அந்த வாலட்டு உங்களோடதா? நான் பெரிய துப்பறியும் புலின்னு நினைச்சேனே" என்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் மூன்று ஸ்டாப் வரை சாம்பியன் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். கோபமா வருத்தமா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. நாலாவது ஸ்டாப்பில் சட்டென்று திரும்பினார்.

"முப்பத்தி ஒன்னாவது நகர்த்தல்ல சிப்பாயைத் தள்ளாம ராஜாவைக் கொண்டுவந்திருந்தா நான் காலி. தெரியுமா?"

"ஆட்டம் முடிஞ்ச பிறகு தெரிஞ்சுது."

"எனக்கு அப்பவே தெரிஞ்சுது. நீ பார்த்துடக் கூடாதேன்னு உட்கார்ந்திருந்தேன்." சொல்லிவிட்டு அவர் சிரித்த சிரிப்பில் முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். அப்புறம் இறங்கும் வரை இரண்டு பேரும் விரலால் உள்ளங்கையில் கட்டம் போட்டு வாதாடினார்கள்.

திங்கட்கிழமை டெப்போ முழுக்க, "என் வீட்டம்மாகிட்ட அரைப் புள்ளி விட்டேன்" என்று அவரே சொல்லிக்கொண்டு திரிந்தார். நாத்தனார் வேலைக்கென்று தனி வாலட் போட்டுக்கொண்டாள். தன் பழைய முகவரியை யாரிடமும் சொல்லக் கூடாது என்று செயலாளரிடம் வாக்கும் வாங்கினாள். அந்த மாசமே சாம்பியனும் டீச்சரிடம் சேர்ந்தார். முதல் வகுப்பிலேயே, "உங்களுக்குப் பிடிவாதம் அதிகம்" என்று டீச்சர் சொன்னதாக அவர் குறைபட்டுக்கொண்டபோது, அவள் அடுத்த ஊர்ப் போட்டியின் விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள். பெயர் என்ற இடத்தில் இந்த முறை சொந்தப் பெயரையே எழுதினாள். ஊர் பேர் தெரிந்து நாலு பேர் தன்னைத் தேடி வந்து ஆடட்டும் என்று இருந்தது அவளுக்கு.